மறதிநோயாளியைத் தாங்கும் கைகளுக்கு யார் துணை?

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. அதன்பின் மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப் லைன் வீடுகளின் பிள்ளைகள் பலர் விடியுமுன் ரயிலேறி, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்குப் பிழைப்புக்காகச் செல்கின்றனர். அநேகர் அங்கேயே குடியேறிவிட்டனர். சுரங்கத்தில் உழைத்த தலைமுறையோ முதிர்வயதை எட்டிவிட்டது. அவர்களில் ஒருவருக்கு மறதிநோய் வந்தால், பகல் முழுவதும் உடனிருப்பது யார்? பெரும்பாலும் வயதான மனைவி, அல்லது மருமகள் ஒருத்தியே.

டிமென்ஷியா என்னும் இந்நோய் சாதாரண முதுமை மறதியன்று. மூளை படிப்படியாகச் சிதைவதால் வருவது. உண்டதும், வீட்டுக்கு வரும் வழியும், பெற்ற பிள்ளையின் பெயரும் ஒவ்வொன்றாய் மறையும். இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு இந்நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

1998-ல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் 10/66 என்னும் குழுவைத் தொடங்கினர். நோயாளிகளில் 66 சதவீதத்தினர் வளரும் நாடுகளில் வாழ்ந்தும், ஆய்வுகளில் 10 சதவீதத்துக்கும் குறைவானவையே அங்கு நடந்தன என்பதே அப்பெயரின் பொருள். சென்னையிலும் வேலூரிலும் இக்குழு ஆய்வு நடத்தியது.

கோவாவில் 81 குடும்பங்களிடையே நடந்த மற்றோர் ஆய்வு 2008-ல் வெளியானது. மருத்துவரல்லாத, பயிற்சிபெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு மாதகாலம் வீடுகளுக்குச் சென்று, நோயை விளக்கி, கவனிக்கும் முறையைக் கற்றுக்கொடுத்தனர். நோய் குணமாகவில்லை, ஆனால் பராமரிப்போரின் மனநலம் தேறியது, அவர்கள் உணர்ந்த பாரம் குறைந்தது.

இது நம் சபைகளாலும் கூடிய காரியம். மறதிநோயைப் பிசாசின் பிடி என்றோ, விசுவாசக் குறைவு என்றோ சொல்லி அக்குடும்பத்தைப் புண்படுத்தாதிருங்கள். முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும், அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. பெங்களூரின் நிம்ஹான்ஸ் மருத்துவமனையிலும் ஆலோசனை பெறலாம். முதியோருக்கான அரசின் உதவி எண் 14567.

வீட்டிலே, நோயாளியோடு வாதிடாதிருங்கள். உணவு, குளியல், உறக்கம் தினமும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். வெளியே போய் வழிதவறாதபடி, பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டைச் சட்டைப்பையில் வையுங்கள்.

பெங்களூரிலிருக்கும் பிள்ளைகளே, பணம் அனுப்புவதோடு நில்லாமல், விடுமுறை நாளில் வந்து அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். சபையாரே, வாரம் ஒருமுறை இருவர் சென்று இரண்டு மணிநேரம் நோயாளியுடன் அமருங்கள். அந்த நேரத்திலாவது அந்தச் சகோதரி உறங்கட்டும்.