சீனரின் தீக்கலம்

பலர் ஒரே கலத்திற் கையிட்டு உண்பது தமிழர் பெரும்பாலார்க்கு வழக்கமன்று. எச்சில் என்னும் ஒரு சொல்லே அதற்குத் தடையாகிவிடும். இலங்கை முஸ்லிம் மக்கள் திருமண வீடுகளிலே சகனைச் சுற்றி ஐவர் அறுவராக அமர்ந்து உண்பர். ஆயினும் சகனுக்கு வந்து சேர்வது சமைத்து முடித்த சோறே. உண்போரே கூடிச் சமைத்து, வெந்த கணத்திலேயே எடுத்து உண்ணும் வழக்கம் ஒன்று சீன தேசத்தில் உண்டு. அதனை அவர்கள் 'ஹுவோகுவோ' என்பர். தீ, கலம் என்னும் இரு சொற்களின் சேர்க்கை அது. தமிழில் தீக்கலம் எனலாம்.

தீக்கலம் ஒரு வகையினதன்று. வடக்கே பீக்கிங் நகரில், நடுவிற் புகைபோக்கி அமைந்த செப்புக்கலத்திற் கரிநெருப்பிட்டு, இஞ்சியும் வெங்காயத்தாளும் மிதக்கும் தெளிந்த நீரில் ஆட்டிறைச்சிச் சீவல்களை அமிழ்த்தி எடுப்பர். அரண்மனைக்கும் அஃது அயலாக இருந்ததில்லை. 1796ஆம் ஆண்டு சியென்லுங் பேரரசர் முதியோர்க்கு அளித்த பெருவிருந்தில் தீக்கலங்கள் வைக்கப்பட்டன. ஆனால் இன்று சீனமெங்கும் புகழ்பெற்று விளங்குவது அரண்மனைக் கலமன்று; தென்மேற்கே யாங்சி நதியும் ஜியாலிங் நதியும் கூடுமிடத்துள்ள சொங்சிங் நகரின் கூலியாட்களது கலம். பழைய பத்திரிகைகளிற் சுங்கிங் என்று எழுதப்பெற்ற நகரம் அதுவே.

அந்நகரின் துறைகளிற் படகிழுப்போரும் சுமைதூக்குவோரும் நிறைந்திருந்தனர். நல்ல இறைச்சி செல்வர் வீடுகளுக்குச் சென்றது. மாட்டின் குடலும் இரைப்பையும் மலிவாகக் கிடைத்தன. இலங்கையிற் 'பாபத்' என்று பலரும் விரும்பி உண்ணும் அவ்விரைப்பையே அங்கும் தலைமைப் பண்டமாயிற்று. அதன் வாடையை அடக்க மாட்டுக்கொழுப்பும் மிளகாயும் வேறு வாசனைப் பொருள்களும் சேர்ந்தன. தெருவோர வியாபாரி தன் கலத்தினுள்ளே சட்டமொன்றை இறக்கி, ஒன்பது கட்டங்களாகப் பிரித்து வைத்தான் என்பர். முன்பின் அறியாத ஒன்பதுபேர் சுற்றி நின்று, அவரவர் கட்டத்திலிட்டதை அவரவர் உண்டு, உண்டதற்கு மட்டும் காசு கொடுத்துச் சென்றனர். மேலே எல்லை உண்டு. கீழே சாறு ஒன்றுதான். இன்றைய கடைகளிலும் அச்சட்டம் உண்டு. ஆனால் வேலை வேறு: நன்கு கொதிக்கும் நடுக்கட்டம் விரைவில் வேகும் பொருள்களுக்கும், கொதிப்புக் குறைந்த மூலைக் கட்டங்கள் நெடுநேரம் வேகவேண்டியவற்றுக்கும் உரியன.

சொங்சிங் சாற்றின் சுவையை 'மாலா' என்பர். 'மா' விறைப்பு, 'லா' உறைப்பு. உறைப்பைத் தருவது மிளகாய். அமெரிக்கக் கண்டத்துக்குரிய அச்செடியை இலங்கைக்குக் கொணர்ந்தோர் போர்த்துக்கேயர். சீனத்தை அது பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அடைந்தது. விறைப்பைத் தருவது 'ஹுவாஜியாவ்' என்னும் சிறு காய்த்தோல். மிளகைப் போலத் தோன்றினும் எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது அது. அதனை மென்றால் உதடும் நாவும் மெல்ல அதிர்வதுபோலத் தோன்றிப் பின் மரத்துப்போகும். மிளகாயின் உறைப்புப்பொருள் நீரிற் கரையாது, கொழுப்பிற் கரையும். ஆதலாற்றான் சாற்றின்மேல் மிதக்கும் கொழுப்பு அத்தனை உறைப்பையும் தாங்கி நிற்கின்றது. தண்ணீர் குடித்து அதனைத் தணிக்க முயல்பவர் ஏமாறுவர். நகரத்தார் நல்லெண்ணெயில் உள்ளியை நசுக்கியிட்டு, வெந்ததை அதில் தோய்த்து உண்கின்றனர். சூடும் உறைப்பும் ஓரளவு அடங்குகின்றன.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1938 முதல் 1943 வரை, யப்பானிய விமானங்கள் இந்நகர்மீது குண்டு பொழிந்தன. மக்கள் ஒளிந்துகொள்ளக் குன்றுகளைக் குடைந்து அமைத்த சுரங்கங்கள் சிலவற்றில் இன்று தீக்கலக் கடைகள் நடக்கின்றன. கோடையில் வெளியே வெப்பம் 40 பாகையைத் தாண்டும்போதும் உள்ளே கொதிகலத்தைச் சுற்றிக் கூட்டம் குறைவதில்லை.

பச்சைப் பொருள்கள் தனித்தனித் தட்டுக்களில் வரும். இரைப்பைத் துண்டைக் குச்சியாற் பற்றி, 'ஏழுமுறை மேலே, எட்டுமுறை கீழே' என்ற கணக்கில், ஏறத்தாழப் பதினைந்து விநாடி அமிழ்த்தி எடுக்கவேண்டும். மிஞ்சினால் அது தோலாகிவிடும். உருளைக்கிழங்கும் தாமரைக்கிழங்கும் காத்திருக்கக்கூடியவை. கீரை கொழுப்பை உறிஞ்சுவதால் அதனைக் கடைசியில் இடுவோர் பலர்.

இங்கேதான் இவ்வுணவின் உயிர் இருக்கின்றது. கலத்தில் இட்ட பொருளுக்கு உரிமையாளர் இல்லை. ஒருவர் இட்டதை மற்றொருவர் எடுப்பார். எடுத்ததைத் தம் கிண்ணத்தில் இடாது அடுத்திருக்கும் முதியவரின் கிண்ணத்தில் இடுவார். தமக்கு வேண்டியதைத் தேடிக் கலத்தைக் குச்சியாற் கிளறுதல் இழிவெனக் கருதப்படும். பரிமாறுபவன் இல்லாத பந்தியில் ஒவ்வொருவரும் பரிமாறுபவராகின்றனர்.

இவ்வழக்கத்துக்கு இக்காலத்தில் இடையூறுகள் வந்திருக்கின்றன. ஒரு மேசையில் எஞ்சிய கொழுப்பை வடித்து மறுமேசைக்குச் சமைத்த கடைகள் உண்டு. பழைய எண்ணெயே சுவை தரும் என்று அதற்காக வாதாடியோரும் உண்டு. அவ்வாதம் ஏற்கத்தக்கதன்று. 2009இல் நடைமுறைக்கு வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டம் அத்தகைய மறுபயன்பாட்டைத் தடுத்தது. எச்சிலைப்பற்றிய அச்சம் வேறு. கொதிக்கும் சாறு கிருமிகளைக் கொல்லும் என்பது உண்மைதான். ஆனால் பச்சை இறைச்சியைத் தொட்ட குச்சி நேரே வாய்க்குச் செல்லும்போது அந்தக் காவல் பயன்படுவதில்லை. 2003இல் சார்ஸ் நோய் பரவியபின், ஆளுக்கொரு சிறுகலம் வைக்கும் கடைகளுக்கு ஆதரவு பெருகியது. 2020இல் கொரோனா நோய் வந்தபோது, பொதுக்குச்சி கொண்டு பரிமாறுமாறு அரசு நாடெங்கும் வற்புறுத்தியது. தனிக்கலத்தில் நோய்க்கு வழி குறைவு. அடுத்தவர் கிண்ணத்தில் ஒரு துண்டை இடுவதற்கும் வழி குறைவு.

சொங்சிங் மக்கள் பெரும்பாலும் பொதுக்கலத்தை விட்டுவிடவில்லை. புதிய கொழுப்புக்கட்டியின் உறையை உண்போர் கண்முன்னே பிரித்துக் கலத்தில் இடும் கடைகள் பல உள்ளன. சில இடங்களில் ஒவ்வொருவர் முன்னும் நிறம் வேறுபட்ட இரண்டு சோடிக் குச்சிகள் வைக்கப்படுகின்றன. ஒன்று கலத்துக்கு, மற்றையது வாய்க்கு. பேச்சுச் சூடேறியபின் எது எதற்கென்று நினைவில் வைத்திருப்போர் சிலரே.