உங்களுக்குத் தெரியுமா? மாத நாவலிலிருந்து தொகைநூலுக்கு

தொகைநூல் பதிப்பாசிரியர் என்பவர் பலரது ஆக்கங்களைத் தேர்ந்து, உரிமை பெற்று, வரிசைப்படுத்தி, அறிமுகக் குறிப்புகளுடன் ஒரே நூலாக்குபவர். கோவையைச் சேர்ந்தவரும், மாத நாவல் எனப்படும் மலிவுப் பதிப்புகளின் வழியே பெரும்புகழ் பெற்று 1,500க்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியவருமான ராஜேஷ்குமாரின் கதைகள் உட்பட, பத்து எழுத்தாளர்களின் 17 கதைகளைப் பிரீதம் சக்கரவர்த்தி தேர்ந்தெடுத்து ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, ராகேஷ் கன்னா பதிப்பாசிரியராக இருந்து செப்பனிட்ட வெகுஜனப் புனைவுத் தொகைநூலைச் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2008இல் வெளியிட்டது.

கொலைகார ரோபோக்களும் பித்தேறிய விஞ்ஞானிகளும் துப்பறிவாளர்களுக்கு அருகிலேயே நடமாடும் இந்நூல், அறிவியல் புனைவை (விஞ்ஞானக் கற்பனையை அடித்தளமாகக் கொண்ட கதைவகையை) தனியே பிரித்து வைக்காமல், பேருந்து நிலையக் கடையில் வாசகர் அதனை எதிர்கொண்ட அதே கலவையில் அளித்தது. வகைப்பாட்டுத் தூய்மையை விரும்பும் ஆய்வாளர்களுக்கு இது உவப்பளிக்காது எனினும், சரியான முடிவே. இதன் இரண்டாம் தொகுதி 2010இல் வெளிவந்தது.