சின்ன கேம் விளையாடினால் என்ன சொல்ல வேண்டும்?

உலாவியிலேயே ஓடும் சின்னச் சின்ன கேம்களைப் பெரும்பாலும் ஒருவர் தனியாகவே உருவாக்குகிறார். மிஞ்சிப்போனால் இரண்டு மூன்று பேர் சேர்ந்திருப்பார்கள். இட்ச்.ஐஓ போன்ற ஒரு தளத்தில் ஏற்றிவிட்டு, யாராவது விளையாடிப் பார்த்துச் சொல்ல மாட்டார்களா என்று காத்திருப்பார்கள். பெரிய நிறுவனங்கள் ஆட்களை வரவழைத்து விளையாட வைக்கும். அவர்கள் எங்கே திணறுகிறார்கள், எங்கே சலிக்கிறார்கள் என்று பக்கத்திலிருந்தே கவனிக்கும். தனியாளுக்கு அந்த வசதி இல்லை. நீங்கள் எழுதுகிற நாலு வரியை வைத்துத்தான் அவர் தன் கேமை அடுத்தவர் பார்வையில் பார்க்க முடியும்.

அந்த நாலு வரியில் ‘சூப்பர்’ என்றோ ‘மொக்கை’ என்றோ மட்டும் இருந்தால் அவருக்கு எதுவும் தெரியப்போவதில்லை. உங்களுக்கு நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். “இரண்டாவது லெவலில் கதவு பூட்டியிருந்தது. சாவி எங்கே என்று தெரியாமல் ஐந்து நிமிடம் சுற்றினேன். பிறகு விட்டுவிட்டேன்” என்று எழுதினால் போதும். சாவி சுவரின் நிறத்திலேயே இருப்பதோ, திரையின் ஓரத்தில் மறைந்திருப்பதோ அவருக்கு உடனே புலப்படும். மாறாக, “இரண்டாவது லெவலை எடுத்துவிடுங்கள்” என்று தீர்வை மட்டும் சொன்னால், நீங்கள் எதில் சிக்கினீர்கள் என்பது அதற்குள் மறைந்துபோகும். யோசனை சொல்லவே கூடாது என்பதில்லை. முதலில் நடந்ததைச் சொல்லுங்கள். யோசனை பிறகு வரட்டும்.

வேர்டில் என்ற, சொல்லை ஊகிக்கும் கேமின் கதை இதற்கு நல்ல சான்று. 2021-இல் ஜோஷ் வார்டில் அதை வெளியிட்டபோது, முடிவைப் பகிர்வதற்கான பொத்தான் அதில் கிடையாது. நியூசிலாந்தில் விளையாடியவர்கள் தாங்களாகவே பச்சை, மஞ்சள் கட்டங்களைத் தட்டச்சு செய்து, விடையைச் சொல்லாமல் முடிவை மட்டும் நண்பர்களுக்குக் காட்டினார்கள். வார்டில் அதைக் கவனித்துக் கேமிலேயே சேர்த்தார். கேம் உலகம் முழுக்கப் பரவ அந்தக் கட்டங்களும் முக்கியக் காரணம். விளையாடுகிறவர் உண்மையில் என்ன செய்கிறார் என்று தெரிந்தால், உருவாக்குகிறவர் மீதியைப் பார்த்துக்கொள்வார்.

எல்லாவற்றையும்விட மதிப்புள்ளது உங்கள் முதல் நிமிடம். எந்தச் சாவியை அழுத்தினால் குதிக்கும், எது எதிரி, எது பரிசு என்பதெல்லாம் உருவாக்கியவருக்கு மனப்பாடம். தெரியாதவர் கண்ணோடு அவரால் இனிப் பார்க்கவே முடியாது. உங்களுக்கும் அந்தப் பார்வை ஒரே ஒரு முறைதான் வாய்க்கும். அதனால் தொடக்கத்தில் குழம்பியதை, கேம் பழகிப்போவதற்கு முன்பே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். செய்முறைக் குறிப்பைப் படிக்காமல் தாண்டியிருந்தால் அதையும் கூச்சமில்லாமல் சொல்லுங்கள். 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ், குதிக்க வேண்டும் என்பதை எழுத்தில் சொல்லாமல், எதிரே நடந்துவரும் முதல் எதிரியைக் கொண்டே கற்றுக்கொடுத்தது. எழுதி விளக்கியும் யாரும் படிக்கவில்லை என்று தெரிந்தால்தான் அப்படி வேறு வழி தேடத் தோன்றும்.

உலாவி கேம்களுக்கே உரிய சிக்கல்கள் சில உண்டு. அம்புக்குறிச் சாவியை அழுத்தினால் பாத்திரத்தோடு பக்கமும் சேர்ந்து நகரும். ஒலியே வராது, ஏனெனில் நீங்கள் ஒருமுறையாவது கிளிக் செய்யும் வரை குரோம் போன்ற உலாவிகள் ஒலியைத் தடுத்துவைக்கும். இந்த மாதிரி நேரங்களில் எந்த உலாவி, கணினியா போனா என்று ஒரு வரி சேருங்கள். கணினியில் எஃப்12 அழுத்தி, கன்சோலில் சிவப்பாக வரும் வரியை அப்படியே நகலெடுத்து அனுப்பினால் பாதி வேலை முடிந்த மாதிரி.

திரையின் வேகமும் முக்கியம். மோசில்லாவின் எம்டிஎன் தளத்தில், செங்கல் உடைக்கும் கேமை ஜாவாஸ்கிரிப்டில் செய்யக் கற்றுத்தரும் புகழ்பெற்ற பாடம் ஒன்று இருக்கிறது. அதில் பந்து ஒவ்வொரு ஃபிரேமுக்கும் பக்கவாட்டில் 2 பிக்சல் நகரும். நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதைப் பாடத்தின் முடிவில் உலாவியிடமே விட்டுவிடுகிறார்கள். நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒரு நொடியில் பக்கவாட்டில் 120 பிக்சல் போகும் பந்து, 144 முறை புதுப்பிக்கும் திரையில் 288 பிக்சல் பாயும். ஒருவருக்கு நிதானமான கேம், இன்னொருவருக்கு விளையாடவே முடியாத வேகம். “ரொம்பக் கஷ்டம்” என்று மட்டும் நீங்கள் எழுதினால் இந்தக் காரணம் வெளியே வராது. திரையின் விவரத்தையும் சேர்த்தால் வந்துவிடும்.

கேம் செய்யக் கற்றுத்தரும் பாடங்களுக்குக் கருத்துச் சொல்லும்போது, எந்தப் படியில் முதன்முதலாக உங்கள் திரை பாடத்திலிருந்து வேறுபட்டது என்று சொல்லுங்கள். பதிப்பு எண்ணையும் எழுதுங்கள். உலாவி கேம்கள் செய்ய உதவும் ஃபேசர் என்ற நிரல் நூலகத்தின் மூன்றாம் பதிப்பான ஃபேசர் 3 வெளியானது 2018-இல். அதற்கு முந்தைய ஃபேசர் 2-க்காக எழுதிய நிரல் இதில் அப்படியே ஓடாது. தவறு தன்னுடையது என்று நினைத்துப் புதிதாகக் கற்பவர்கள் பேசாமல் விலகிவிடுகிறார்கள். பாடம் எழுதியவருக்கோ அது பழசானதே தெரியாமல் போகிறது.

கேம் எந்தச் சூழ்நிலையில் பிறந்தது என்றும் பாருங்கள். லூடம் டேர் போட்டியின் தனியாள் பிரிவில் 48 மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். ஜேஎஸ்13கே போட்டியில் மொத்த கேமும் ஜிப் கோப்பாகச் சுருக்கினால் 13 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். அங்கே போய் இன்னும் இருபது லெவல் கேட்பது நியாயமில்லை.

பிடித்ததையும் அதே துல்லியத்தோடு சொல்லுங்கள். குதித்து இறங்கும்போது எழும் தூசி அழகாக இருந்தது என்று யாராவது சொல்லாவிட்டால், அடுத்த திருத்தத்தில் அவர் அதையே நீக்கிவிடக்கூடும்.

பாதியில் விலகுபவர்கள் அநேகமாக எதுவுமே எழுதுவதில்லை. உருவாக்கியவருக்கு மிகவும் தேவைப்படுவதோ அவர்கள் சொல்லக்கூடிய தகவல்தான். ஆகவே ஒரு சின்ன கேமை முடிக்காமல் மூடுகிறீர்கள் என்றால், எந்த இடத்தில் மூடினீர்கள் என்பதை மட்டுமாவது ஒரு வரியில் எழுதி அனுப்பிவிடுங்கள்.