பத்துக்குப் பத்து அறையில் சமையல்: முதலில் எதை வாங்குவது?

கல்யாணம் ஆன கையோடு மும்பைக்குப் புறப்படும் நெல்லை, தூத்துக்குடி மாவட்டத் தம்பதிகளின் மூட்டைகளைப் பிரித்தால் பாதிக்குமேல் பாத்திரமாகத்தான் இருக்கும். சீர் வந்த அண்டா, ஒரு டஜன் எவர்சில்வர் தட்டு, மூன்று அளவில் தூக்குவாளி. தாதரில் இறங்கி, தாராவியிலோ சயான் கோலிவாடாவிலோ உள்ள அறைக்கு வந்த பிறகுதான், அண்டாவை வைக்க இடம் இல்லை என்பதும், அடுப்புப் பற்ற வைக்க வழி இல்லை என்பதும் தெரியவரும்.

அறைக்கு டெபாசிட்டும் முதல் மாத வாடகையும் கொடுத்தபின் கையில் மிஞ்சுவது எட்டாயிரமோ, பத்தாயிரமோ. இந்தப் பணத்தில் ஒரு சமையலறையை அமைக்க முடியும். ஆனால் வாங்கும் வரிசை தவறினால் வட்டிக்காரர் வாசலுக்கு வந்துவிடுவார்.

டிரம்தான் முதல் பாத்திரம்

"பாத்திரம் எங்கம்மா ஓடிரப்போவுது? மொதல்ல தண்ணி பிடிச்சு வைக்க வழியப் பாரு" என்பார்கள், தாராவியில் பல ஆண்டுகள் குடித்தனம் செய்த அக்காமார்கள். உண்மைதான். குழாயில் தண்ணீர் வருவது சில மணி நேரம். அதற்குள் பிடித்து வைக்காவிட்டால் அரிசி களையவும் தண்ணீர் இருக்காது. எனவே மூடி உள்ள ஒரு பிளாஸ்டிக் டிரம், இரண்டு வாளி, ஒரு குடம் ஆகியவைதான் மும்பைச் சமையலறையின் அஸ்திவாரம். குடிதண்ணீருக்கு மண்பானை வேண்டுமென்றால் தாராவியிலேயே கும்பார்வாடா இருக்கிறது. சௌராஷ்டிரப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய குயவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே பானை வனைகிறார்கள்.

அடுப்பில் சிக்கனம் வேண்டாம்

காஸ் சிலிண்டரை ரயிலில் கொண்டுவரத் தடை உண்டு. ஊரில் இணைப்பு இருந்தால், சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்பப் பெற்று, அதற்கான சீட்டை வாங்கி வரவேண்டும். இங்கே அதைக் காட்டி, இப்போதைய டெபாசிட்டைக் கட்டினால் இணைப்பு கிடைக்கும். அடுப்பு நம்முடையது, அதைக் கையோடு கொண்டுவரலாம்.

இணைப்பே இல்லாதவர்களுக்கும், வாடகைச் சீட்டு இல்லாததால் முகவரிச் சான்று காட்ட முடியாதவர்களுக்கும் 5 கிலோ சிலிண்டர் இருக்கிறது. அடையாள அட்டை போதும். கிலோ கணக்கில் பார்த்தால் 14.2 கிலோ சிலிண்டரைவிட விலை கூடுதல்தான். ஆனாலும், பெரிய சிலிண்டரிலிருந்து குழாய் போட்டுச் சின்னச் சிலிண்டரில் நிரப்பித் தரும் கடைப் பக்கம் தலைவைக்கக் கூடாது. அது சட்ட விரோதம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். பத்தடி அறையில் காஸ் கசிந்தால் ஓடித் தப்பவும் இடம் கிடையாது. ஜன்னலும் பல அறைகளில் இல்லை.

ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள இரட்டை அடுப்பு, அதே முத்திரை உள்ள ரப்பர் குழாய். குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சிலிண்டர் தரையில் நிமிர்ந்து நிற்க, அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். அடுப்பைத் தரையில் வைத்துச் சமைக்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுவது நல்லது.

குக்கரும் அப்படியே. நால்வர் உள்ள வீட்டுக்கு 5 லிட்டர் அலுமினியக் குக்கர் தாராளம். 2021 முதல் வீட்டுக் குக்கர்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பழைய குக்கர் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால், ஒரு கம்பெனிக் குக்கருக்கு இன்னொரு கம்பெனி வெயிட்டைப் போட்டு விற்றிருப்பார்கள். கையில் உள்ள பணத்தில் பாதி அடுப்புக்கும் குக்கருக்கும் போனாலும் பாதகமில்லை.

ஊரிலிருந்து எது வரலாம்?

தூங்கும் வசதி வகுப்பில் ஓர் ஆளுக்கு 40 கிலோ வரை இலவசமாகச் சாமான் கொண்டுவரலாம். அதை அண்டாவுக்குச் செலவழிப்பானேன்? பழகிய இரும்புத் தோசைக்கல் முதலில் மூட்டையில் ஏறட்டும். இங்குள்ள தவா மெல்லியது, குழிந்தது. சப்பாத்திக்கு ஆகும், தோசைக்கு ஆகாது. மாட்டுங்காவில் நல்ல தோசைக்கல், இட்லித் தட்டு, காபி பில்டர் எல்லாம் கிடைக்கும். ஆனால் புதுக்கல்லைப் பழக்க ஒரு மாதம் ஆகும்.

பித்தளையை ஊரிலேயே வைத்துவிட்டு வரலாம். இங்கே ஈயம் பூச ஆளைத் தேட வேண்டும். எடைக்குப் போட்டுவிட்டு எவர்சில்வர் வாங்குவது மட்டும் வேண்டாம். அப்படிப் போட்டுவிட்டுப் பிறகு வருந்தாத மாமியார் இல்லை.

எவர்சில்வர் வாங்க மஸ்ஜித் ஸ்டேஷனில் இறங்கி பைதோனி, தாம்பா காண்டா பக்கம் நடந்தால் கடைகள் வரிசையாக இருக்கின்றன. காந்தம் ஒட்டவில்லை என்றால் உயர்ந்த சரக்கு என்று கடைக்காரர் சொல்வார். 304 என்ற உயர்ந்த ரகத்திலும் காந்தம் ஒட்டாது. மலிவான 202 ரகத்திலும் ஒட்டாது. அடியில் பொறித்துள்ள எண்ணைப் பார்த்து, கனத்தைக் கையில் தூக்கிப் பார்த்து வாங்க வேண்டும். அடிகனமான ஒரு குழம்புச் சட்டி, மெல்லிய நான்கு சட்டிக்குச் சமம். புளிக்குழம்பை அலுமினியத்தில் வைக்க வேண்டாம். புளி அலுமினியத்தை அரிக்கும்.

தட்டு, டம்ளர், டப்பாவுக்குப் பணமே வேண்டாம். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் பர்தன்வாலிகள் தெருத்தெருவாக வருகிறார்கள். நாலு பேண்ட், ரெண்டு சேலைக்கு முதலில் ஒரு கிண்ணம்தான் எடுத்து நீட்டுவார்கள். பேரம் பேசினால் டப்பா வரும். ஜரிகைச் சேலையைக் கடைசிவரை வெளியே எடுக்காதவர் கெட்டிக்காரர்.

கிரைண்டர் ஆசை

தவணைக் கடன் நுழையும் வாசல் இதுதான். ரொக்கத்துக்கு 7,000 ரூபாய் சொல்லும் கிரைண்டரை, வாரம் 200 ரூபாய் வீதம் 52 வாரம் கட்டினால் 10,400 ரூபாய் ஆகிறது. 3,400 ரூபாய் அதிகம். ஊரில் இருக்கும் அப்பா, அம்மாவுக்கு அனுப்பும் பணத்தில்தான் இந்தத் துண்டு விழும்.

தாராவியில் விடியுமுன் இட்லி அவித்து, வீட்டு ஆண்கள் தலையில் சுமந்து நகரெங்கும் விற்கும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கிரைண்டர் தொழில் கருவி. அவர்கள் கடன்பட்டு வாங்கினாலும் அது சம்பாதித்துக் கொடுக்கும். இரண்டு பேர் சாப்பிடும் வீட்டுக்கு ஒரு மிக்சி போதும். அதில் சட்னியும் அரையும், கொஞ்சம் மாவும் அரையும். அவசரத்துக்குத் தெருமுனைக் கடையில் இட்லி மாவு பாக்கெட் இருக்கவே இருக்கிறது. பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து மாதம் ஆளுக்கு 700 ரூபாய் பாத்திரச் சீட்டுப் போட்டால், பத்து மாதத்தில் பத்து வீட்டிலும் கிரைண்டர் ஓடும். முதல் சீட்டு யாருக்கு என்பதில் மட்டும் சண்டை வராமல் குலுக்கிப் போட்டுக்கொள்ள வேண்டும்.