நீர் செதுக்கிய ஒளிக்கூடம்

பாலைவனம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது நீரற்ற மணல்வெளி. ஆயினும் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பேஜ் என்னும் ஊரின் அருகேயுள்ள பாலைநிலத்தில், நீரே சிற்பியாகிச் செதுக்கிய பாறைப் பிளவுகள் உள்ளன. ஆங்கிலத்தில் அவற்றை ஆன்டிலோப் கேன்யன் என்பர். மலைப்பிளவைக் குறிக்கப் பழந்தமிழில் 'விடர்' என்னும் அழகிய சொல் உண்டு. இக்கட்டுரையில் அதனையே ஆள்வோம். விடுமுறையில் காமிராவும் கையுமாக அங்குச் செல்வோர் அறிய வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

விடர் தோன்றிய விதம்

ஏறத்தாழ 19 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதி மணற்குன்றுகள் நிறைந்த பெரும் பாலைவனமாக இருந்தது. அம்மணல் நாளடைவில் இறுகி மணற்பாறை ஆயிற்று. அதில் கலந்துள்ள இரும்பு ஆக்சைடே பாறையின் செந்நிறத்திற்குக் காரணம். மேட்டுநிலத்தில் பெய்யும் பெருமழை, இறுகிய தரையில் ஊறாமல் திரண்டோடி வந்து பாறை வெடிப்புகளில் புகுகிறது. வெள்ளம் சுமந்துவரும் மணல் அரம்போல் சுவர்களை அராவுகிறது. சுவர்களில் நாம் காணும் அலை போன்ற வளைவுகள் யாவும் நீர் சுழன்றோடிய தடங்களே.

ஒளியின் விந்தை

இங்குள்ள விடர்களுள் புகழ்பெற்றவை இரண்டு. மேல் விடர் அடியில் அகன்று உச்சியில் குறுகியது. அதன் சுவர்கள் சுமார் 120 அடி உயரமுள்ளவை. கீழ் விடர் உச்சியில் அகன்று அடியில் குறுகியது. ஏணிகளில் இறங்கி ஏற வேண்டும்.

கோடையில் கதிரவன் உச்சிக்கு வரும் வேளையில், மேல் விடரின் குறுகிய வாய் வழியே ஒளிக்கற்றை தூண்போல் தரையில் இறங்கும். காற்றில் மிதக்கும் தூசியில் பட்டுச் சிதறுவதாலேயே அக்கற்றை நம் கண்ணுக்குப் புலனாகிறது. பிற இடங்களில் ஒளி ஒரு சுவரில் பட்டு மறு சுவருக்குத் தாவி, படிப்படியாகக் கீழிறங்குகிறது. ஆகவே மேலே பொன்னிறமும், இடையே செந்நிறமும், அடியில் ஊதாவும் தோன்றுகின்றன.

இந்நிறங்களைப் படத்தில் காக்கச் சில வழிகள்: பளிச்சிடும் விளக்கை அணைத்துவிடுக, அது சுவரின் இயற்கை நிறத்தைக் கெடுக்கும். மிகு ஒளியுடைய வானத்தைச் சட்டத்திற்குள் கொண்டுவராதீர். நிறச் சமநிலையைக் கருவியின் போக்கிற்கு விடாமல் பகலொளிக்கு அமைத்திடுக. முக்காலிக்கு அனுமதி இல்லையாதலால், முழங்கைகளை உடலோடு ஒட்டி, மூச்சை அடக்கிப் படமெடுக்கவும். மணல் உதிரும் இடமாதலால் வில்லையை உள்ளே மாற்றலாகாது. பின்னால் வருவோருக்கும் வழிவிட்டு நகர்வது பண்பு.

வழிகாட்டியின் சொல்

இந்நிலம் தம்மைத் 'தினே' என அழைத்துக்கொள்ளும் நவஹோ மக்களுக்கு உரியது. வழிகாட்டியின்றி எவரும் விடருக்குள் நுழைய இயலாது. இதன் காரணத்தைப் பெற்றோரும் பிள்ளைகளும் நன்கு உணர்தல் வேண்டும்.

1997ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள், கீழ் விடருக்குள் இருந்த 11 பயணிகள் திடீர் வெள்ளத்தில் உயிரிழந்தனர். அவ்விடத்தில் பெய்த மழையோ மிகச் சிறிதே; பல மைல்களுக்கு அப்பால் பெய்த மழைதான் வெள்ளமாக வந்து சேர்ந்தது. அன்றிருந்த மர ஏணிகளையும் அது அடித்துச் சென்றது. அதன்பின் பாறையோடு பிணைத்த ஏணிகளும், அபாயச் சங்கும், வானிலைச் செய்தி வானொலியும் அமைக்கப்பட்டன. எனவே, தலைக்குமேல் வானம் தெளிவாக இருந்தாலும், "இன்று உள்ளே செல்ல முடியாது" என வழிகாட்டி கூறினால் வாதிடாமல் திரும்புவதே அறிவுடைமை. படம் மறுமுறையும் எடுக்கலாம்; உயிர் அவ்வாறன்று.

பெயரில் பொதிந்த அறிவு

ஆன்டிலோப் என்பது மான் போன்றதொரு விலங்கின் பெயர். அப்பெயர் இவ்விடரின் இயல்பு எதனையும் நமக்கு உணர்த்தவில்லை. நவஹோ மக்களோ மேல் விடரைத் தம் மொழியில் 'பாறைகளின் ஊடே நீர் ஓடும் இடம்' என்னும் பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். விடரின் பிறப்பும் அதன் ஆபத்தும் அந்த ஒரு பெயரிலேயே அடங்கியுள்ளன அல்லவா? அம்மொழியைப் பேசியதற்காக ஒரு காலத்தில் பள்ளிகளில் நவஹோ பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். பின்னர், இரண்டாம் உலகப் போரில், அதே மொழியைக்கொண்டு அமைத்த குறிமொழியே அமெரிக்கப் படையினரின் இரகசியச் செய்திகளைக் காத்தது.

ஒரு மொழி மறைந்தால், அம்மொழியினர் தம் நிலத்தைப்பற்றி ஈட்டிவைத்த அறிவும் உடன் மறையும். வார இறுதியில் தமிழ் பயிலும் நம் பிள்ளைகள் இதனை எளிதில் உணர்வர். ஆதலின், அங்கே எடுத்த படத்தை வீட்டுச் சுவரில் மாட்டும்போது, அந்நிலத்து மக்கள் சூட்டிய பெயரையும் அதன் பொருளையும் அழகு தமிழில் கீழே எழுதி வைப்போமாக!