வரையாட்டின் உறவினர் யார்?

இடுக்கி மாவட்டம், தேவிகுளம் வட்டத்தில் இரவிகுளம் தேசியப் பூங்கா அமைந்துள்ளது. அதன் புல்வெளிகளிலும் பாறைச் சரிவுகளிலும் வரையாடுகள் கூட்டமாக மேய்கின்றன. வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்குமாகும்.

இதனைப் போன்ற ஆடுகள் இமயமலையிலும் அரேபிய மலைகளிலும் வாழ்கின்றன. தோற்ற ஒற்றுமை கருதி, அறிஞர்கள் இம்மூன்றையும் நெடுங்காலம் ஒரே பேரினத்தில் சேர்த்திருந்தனர். ஆனால், தோற்றம் மட்டுமே உறவுக்குச் சான்றாகுமா?

மரபணுக்கள் பெற்றோரிடமிருந்து குட்டிகளுக்கு வருகின்றன. தலைமுறைகள் கடக்கும்போது அவற்றில் சிறுசிறு மாற்றங்கள் சேர்கின்றன. இரண்டு விலங்குகள் ஒரே முன்னோரிடமிருந்து பெற்ற மாற்றங்களைக் கொண்டு அவற்றின் உறவை அறியலாம்.

பாரிஸ் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியக ஆய்வாளர்களான ஆன் ரோபிகே, அலெக்சாந்தர் ஹசானின் ஆகியோர் மூன்று ஆடுகளின் மரபணுக்களையும் ஒப்பிட்டு, 2005ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். இமயமலை ஆடு வெள்ளாட்டுக்கு நெருங்கிய உறவு. நம் வரையாடோ செம்மறியாட்டுக்கு நெருங்கிய உறவு! ஆகவே, மூன்றும் தனித்தனிப் பேரினங்களாகப் பிரிக்கப்பட்டன. 'ஆடு' என்னும் தமிழ்ச்சொல் வெள்ளாடு, செம்மறியாடு இரண்டையும் குறிப்பதால், வரையாடு என்னும் பெயர் இன்றும் பொருத்தமாகவே உள்ளது.

வரையாட்டின் பேரினத்தில் இன்று வாழும் இனம் அது ஒன்றே. கேரளம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களின் மேற்குத் தொடர்ச்சி மலையிலன்றி வேறெங்கும் அது இயற்கையாக வாழ்வதில்லை. இம்மலைகளில் அது அழிந்தால், உலகில் ஒரு பேரினமே இல்லாமற் போகும்.

சொற்பொருள்: வரை – மலை; பேரினம் – நெருங்கிய உறவுடைய உயிரினங்களை அடக்கிய பிரிவு.