வண்டி இல்லாத சீட்

சென்னை புதுப்பேட்டையில் பழைய கார் சீட் கேட்டுப் போனால், கடைக்காரர் முதலில் கேட்பது "எந்த வண்டிக்குங்க?" என்றுதான். வண்டிக்கு இல்லை, வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் போட்டு உட்கார என்றால், ஆளை ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார். பிறகு ஒரு மாருதி 800-இன் முன் சீட்டை உருவி, இரண்டு தட்டு தட்டித் தூசியைப் பறக்கவிட்டு, "ரெயிலோட வேணுமா, ரெயில் இல்லாமலா?" என்பார். "ரெயிலோட" என்பதுதான் சரியான பதில். ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம்.

சீட் தேடி வருகிறவரின் வீட்டில் அநேகமாக ஒரு ஸ்டீயரிங்கும் மூன்று பெடல்களும் ஏற்கெனவே இருக்கும். கார் எப்படிச் சறுக்கும், டயர் எப்போது பிடியை இழக்கும் என்று நொடிக்குப் பல நூறு முறை கணக்குப் போடும் மென்பொருளில், வீட்டிலிருந்தபடியே பந்தயம் ஓட்டுகிறார். அதற்குப் பெயர் சிம் ரேசிங். வீடியோ கேம்தானே என்று சிரிப்பவர்களுக்கு இரண்டு பேரைச் சொல்லலாம். 2011-இல் 'ஜிடி அகாடமி' போட்டியில் கேம் ஓட்டி ஜெயித்த பிரிட்டிஷ் இளைஞர் ஜான் மார்டன்பரோ, 2013-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தார். 2019-இல் மெக்சிகோ நகரில் நடந்த 'ரேஸ் ஆஃப் சாம்பியன்ஸ்' போட்டியில், இத்தாலிய சிம் ரேசர் என்ஸோ பொனிட்டோ நிஜக் காரில் உட்கார்ந்து, ஃபார்முலா ஈ சாம்பியன் லூகாஸ் டி கிராஸியைத் தோற்கடித்தார்.

ஓட்டுவதற்குப் பணம் தேவையில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. தேவைதான். அதை எந்த வரிசையில் செலவழிப்பது என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

பெரும்பாலோரின் கதை லாஜிடெக் ஜி29-இல் தொடங்கும். 2015-இல் வந்த ஸ்டீயரிங் அது. உள்ளே பல்சக்கரங்கள். முறுக்கு விசை இரண்டு நியூட்டன் மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஆறு மாதம் போனதும் 'டைரக்ட் டிரைவ்' ஆசை பிடிக்கும். அதில் பல்சக்கரமும் கிடையாது, பெல்ட்டும் கிடையாது. மோட்டாரின் தண்டிலேயே ஸ்டீயரிங் உட்கார்ந்திருக்கும். ஆரம்ப நிலை மாடல்கள் பலவே ஐந்து நியூட்டன் மீட்டர் தரும். 2021-இல் ஃபனடெக் தன் சிஎஸ்எல் டிடி மாடலை 349.95 யூரோவுக்கு அறிவித்தபோது, எட்டாக்கனி எட்டிவிட்டது என்று கொண்டாடினார்கள். அந்த விலைக்கு வீடு வந்து சேர்ந்தது வெறும் மோட்டார் பெட்டி. கையில் பிடிக்கும் வளையம் தனி, பெடல் தனி. வெளிநாட்டிலிருந்து தருவித்தால் சுங்கவரியும் தனி.

வேகமாக ஓட்டுவதுதான் நோக்கம் என்றால், இந்த ஆசையைத்தான் வரிசையில் கடைசிக்குத் தள்ள வேண்டும். கடையில் கண்ணைப் பறிப்பது ஸ்டீயரிங். லேப் நேரத்தைக் குறைப்பதோ கண்ணும் காலும்.

கோவணத்தை எலி கடிக்கிறதென்று பூனை வளர்த்த சாமியார் கதை தெரியும்தானே? பூனைக்குப் பால் வேண்டுமென்று பசு வந்தது, பசுவைப் பார்த்துக்கொள்ள ஆள் வந்தது, கடைசியில் சாமியார் சம்சாரியானார். சிம் ரேசிங்கிலும் இதே கதைதான். வலுவான ஸ்டீயரிங் வாங்கினால் மேசை ஆடும். மேசைக்குப் பதில் இரும்புச் சட்டம் வந்தால், ஆபீஸ் நாற்காலி அதற்கு உயரம் ஒத்துவராது. சீட் வந்தால் மானிட்டர் தூரமாகிவிடும். ஒவ்வொன்றும் அடுத்ததன் குறையைக் காட்டிக் கொடுக்கும். கதை இப்படித்தான் போகும் என்று முன்பே தெரிந்தவர் பூனையிலிருந்து தொடங்க மாட்டார்.

எங்கிருந்து தொடங்குவது? காசே கேட்காத இடத்திலிருந்து.

ஒரு 27 அங்குல மானிட்டரின் அகலம் சுமார் 60 சென்டிமீட்டர். மேசையின் முன் விளிம்பில் ஸ்டீயரிங்கை மாட்டியதும் மானிட்டர் பின்னால் தள்ளப்பட்டு, கண்ணிலிருந்து 90 சென்டிமீட்டருக்குப் போய்விடும். அங்கிருந்து பார்த்தால் அந்தத் திரை கண்ணில் அடைக்கும் கோணம் 37 டிகிரிதான். அதே திரையைச் சுவரில் பொருத்திய ஒரு மானிட்டர் தாங்கியில் மாட்டி, ஸ்டீயரிங்கின் தலைக்கு மேலே 60 சென்டிமீட்டருக்கு இழுத்து வந்தால் 53 டிகிரி. புதிதாக 32 அங்குல மானிட்டர் வாங்கிப் பழைய இடத்திலேயே வைத்தால் கிடைப்பது 43. அதாவது, முப்பது சென்டிமீட்டர் நகர்த்தல் ஒரு புது மானிட்டரையே தோற்கடிக்கிறது.

இந்தக் கோணத்தைத்தான் விளையாட்டின் அமைப்பில் 'ஃபீல்ட் ஆஃப் வியூ' என்று கேட்பார்கள். பலர் அதை அகலமாக வைத்துக்கொள்வார்கள். பக்கத்துக் கார் தெரிகிறது, வேகமும் அதிகமாகத் தோன்றுகிறது. ஆனால் அகலம் கூடக் கூட, முன்னால் இருக்கும் வளைவு சிறுத்துத் தூரத்தில் இருப்பது போலத் தெரியும். பிரேக் எங்கே பிடிப்பது என்ற கண்கணக்கு அங்கேயே பிசகுகிறது. மானிட்டரின் அளவையும் கண்ணிலிருந்து அதன் தூரத்தையும் கொடுத்தால் சரியான எண்ணைச் சொல்லும் கணக்குப் பொறிகள் இணையத்தில் இலவசமாகவே உண்டு. அந்த எண்ணை வைத்து ஓட்டும் முதல் நாள், குழாய் வழியாகப் பார்ப்பது போல எரிச்சலாக இருக்கும். ஒரு வாரம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு இலவசம், ஸ்டீயரிங்கில் விசையின் அளவைக் குறைப்பது. கூட்டுவது அல்ல, குறைப்பது. அம்மன் கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியை உச்சத்தில் அலறவிட்டால் பாட்டின் வார்த்தைகள் பிய்ந்து போகின்றன அல்லவா? சின்ன மோட்டாருக்கும் அதே கதிதான். நடுத்தர விசையும் பெரிய விசையும் ஒரே உச்சத்தில் முட்டி நிற்க, முன் டயர் பிடி விடுகிற அந்தச் சின்னத் தளர்வு கைக்குத் தெரியாமலே போகும். இதற்கு 'கிளிப்பிங்' என்று பெயர். அசெட்டோ கோர்ஸாவில் பெடல்களைக் காட்டும் சிறு பட்டையில், விசைக்கான கோடு அடிக்கடி சிவப்பாக மாறினால், அளவைக் குறைக்க வேண்டும் என்று பொருள். 2014-இல் வெளிவந்த விளையாட்டு அது. சுமாரான கம்ப்யூட்டரிலும் ஓடும், தள்ளுபடி நாட்களில் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும். பட்ஜெட்காரர்களுக்கு இன்றும் அதைவிட நல்ல துணை இல்லை.

காசு கொடுத்து வாங்க வேண்டிய முதல் பொருள், பிரேக்.

ஜி29-இன் பெடல்கள் பொட்டென்ஷியோமீட்டரில் இயங்குபவை. பழைய ரேடியோவில் வால்யூம் திருகுக்கு அடியில் இருக்குமே, அதே பொருள். தூசி சேர்ந்தால் ரேடியோ கரகரப்பது போல, பெடலும் அழுத்தாமலே துள்ளும். நம் ஊர்த் தூசிக்கு இது சீக்கிரமே நடக்கும். கழற்றி, மின்னணு இணைப்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே அடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். புது பெடல் வாங்க ஓடுவதற்கு முன் இதைச் செய்து பார்க்கலாம்.

ஆனால் சுத்தமான பொட்டென்ஷியோமீட்டருக்கும் ஒரு பிறவிக் குறை உண்டு. அது கால் எவ்வளவு தூரம் போனது என்பதை அளக்கிறது. நிஜக் காரில் பிரேக் பிடித்த பிறகு பெடல் அதிகம் நகராது, அழுத்தம்தான் கூடும். நம் காலும் தூரத்தைவிட அழுத்தத்தையே நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளும். 'லோட் செல்' அளப்பது அந்த அழுத்தத்தை. மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசுக்குள் இருக்கும் அதே சமாசாரம்தான். உலோகத் துண்டு மயிரிழை வளையும்போது, அதில் ஒட்டியிருக்கும் மெல்லிய கம்பியின் மின்தடை மாறும். அந்த மாற்றத்தை எடையாகப் படிக்கிறது. வளைவுக்குள் நுழைய நுழைய பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதுதான் பந்தயக்காரனின் கலையில் பாதி. காலுக்கு அளவு தெரியாமல் அது வராது. மணிக்கு 250 கிலோமீட்டரில் கார் ஒரு நொடிக்கு 69 மீட்டர் ஓடுகிறது. பத்தில் ஒரு நொடி பிசகினால், ஏழு மீட்டர் தள்ளிப் போய் மணலில் நிற்க வேண்டியதுதான்.

ஆயத்த லோட் செல் பெடல்கள் பல விலைகளில் கிடைக்கின்றன. த்ரஸ்ட்மாஸ்டரின் டி-எல்சிஎம் 100 கிலோ வரை அழுத்தம் தாங்கும். அதற்கும் காசு எட்டாதவர்களுக்கு, சென்னையில் எலக்ட்ரானிக் சாமான் விற்கும் ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கிறது. ஒரு லோட் செல், 'எச்எக்ஸ்711' என்ற பொடிப் பலகை, யூஎஸ்பி ஜாய்ஸ்டிக்காக நடிக்கத் தெரிந்த ஆர்டுயினோ லியோனார்டோ அல்லது புரோ மைக்ரோ. சாலிடர் வைக்கத் தெரிந்தால் சில ஆயிரத்துக்குள் வேலை முடியும். இதில் ஒரு பொறி உண்டு. தராசுக்காகவே செய்யப்பட்ட அந்தப் பலகை, மலிவு வகைகளில் பெரும்பாலும் நொடிக்குப் பத்து முறை மட்டும் படிக்கும்படிதான் வரும். வெங்காயம் நிறுக்க அது போதும். 250 கிலோமீட்டர் வேகத்திலோ ஒவ்வொரு அளவீட்டுக்கும் நடுவே ஏழு மீட்டர் குருட்டு ஓட்டம். சிப்பின் வேகக் காலை நிமிர்த்தி மின்சாரக் காலோடு இணைத்துவிட்டால் எண்பது முறையாகும். அப்போது இடைவெளி ஒரு மீட்டருக்கும் குறைவு. பிளேஸ்டேஷன் வைத்திருப்பவர்கள் இந்த வேலையில் இறங்க வேண்டாம். தனி யூஎஸ்பி பெடலை அது ஏற்காது. அங்கே பெடலை அந்தந்த ஸ்டீயரிங் பேஸுக்குள்ளேதான் செருக வேண்டும்.

லோட் செல் வந்த அன்றைக்கே சாமியாரின் பசுவும் வந்துவிடும். நாற்பது கிலோ பலத்தோடு பிரேக்கை மிதித்தால், சக்கரம் வைத்த நாற்காலி பின்னால் உருண்டு கதவில் போய் இடிக்கும். சட்டம் செய்யக் காசு சேரும் வரை ஒரு கயிறே போதும். பெடல் தட்டிலிருந்து நாற்காலியின் தண்டுக்கு இறுக்கிக் கட்டிவிட்டால், கால் தள்ளுகிற விசையைக் கயிறே வாங்கிக்கொள்ளும். சிலர் சக்கரங்களுக்குப் பழைய ஷூ மாட்டிவிடுகிறார்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், வேலை செய்யும்.

சட்டத்துக்கு முதல் வழி 18 மில்லிமீட்டர் பிளைவுட். தெருமுனை வெல்டிங் பட்டறையில் சதுர இரும்புக் குழாய் கொண்டு செய்வது அதைவிட உறுதி. தொழிற்சாலை இயந்திரங்களுக்குக் கூடு கட்டப் பயன்படும் அலுமினியப் புரொஃபைல் எல்லாவற்றிலும் மேல். அதில் எதையும் எந்த இடத்திலும் நகர்த்தி முடுக்கலாம், பின்னால் பெரிய மோட்டார் வந்தாலும் அசையாது. இன்று மரம், நாளை இரும்பு, மறுநாள் அலுமினியம் என்று மூன்று முறை செலவழிப்பதைவிட, ஆறு மாதம் கயிற்றோடு ஓட்டி நேரே அலுமினியத்துக்குப் போகலாம்.

இப்போது ரெயிலுக்கு, அதாவது சீட் முன்பின் நகரும் அடித் தண்டவாளத்துக்கு வருவோம். ரெயில் இல்லாத சீட்டை ஒரு இடத்தில் முடுக்கினால் அது முடுக்கியபடியேதான் இருக்கும். வீட்டில் ஐந்தடி மூன்றங்குலத் தங்கையும் ஆறடி அண்ணனும் ஓட்டினால், பெடலை நகர்த்துவதா சீட்டை நகர்த்துவதா என்று தினம் சண்டை. ரெயிலோடு வாங்கினால் லீவரைத் தூக்கி நகர்த்திக்கொள்ளலாம். கடையிலேயே உட்கார்ந்து நான்கு முறை முன்பின் தள்ளிப் பார்க்க வேண்டும். துருப்பிடித்த ரெயில் ஒரு பக்கம் மட்டும் பூட்டும். பிரேக் அடிக்கும்போது சீட் கோணிக்கொள்ளும். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள புதிய கார்களின் சீட்டைத் தொடக் கூடாது, அதற்குள் வெடிப்பொருள் இருக்கிறது. வாங்கி வந்ததும் இரண்டு நாள் மொட்டை மாடி வெயிலில் காயப் போட வேண்டியது கட்டாயம். யாருடைய காரில், என்னென்ன சிந்தியிருந்ததோ.

திரையைப் பெரிதாக்கும் முறை இதற்குப் பிறகுதான். மூன்று 27 அங்குலத் திரைகளை அரைவட்டமாக வைத்தால் 160 டிகிரியைத் தொடலாம், பக்கத்தில் வரும் காரைத் தலை திருப்பிப் பார்க்கலாம். கிராபிக்ஸ் கார்டு மூச்சுத் திணறும், அந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். விஆர் கண்ணாடி சில சமயம் மூன்று மானிட்டரைவிட மலிவு, ஆழம் தெரியும். சித்திரை வெயிலில் அதை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் ஓட்டியவர்கள், லென்ஸில் வழியும் வியர்வையைத் துடைப்பதா வளைவைப் பார்ப்பதா என்று தவிப்பார்கள்.

சின்னச் செலவில் பெரிய பலன் தருவது சீட்டுக்கு அடியில் முடுக்கும் 'பாஸ் ஷேக்கர்'. கூம்பு இல்லாத ஒலிபெருக்கி என்று சொல்லலாம். ஒலியைச் சீட்டுக்கு அதிர்வாகக் கடத்தும். ஒரு சிறு ஆம்ப்ளிஃபயர், கூடவே 'சிம்ஹப்' மென்பொருள். பிரேக்கில் டயர் பூட்டிக்கொண்டால் முதுகுத்தண்டுக்குச் செய்தி வரும். சிறிய ஸ்டீயரிங் சொல்ல முடியாமல் விழுங்குகிற தகவலில் பாதியை இது சொல்லிவிடும். கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து கதவைத் தட்டினால் அளவைக் குறைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவுக்கும் பிறகு கையில் காசு மிஞ்சினால், டைரக்ட் டிரைவ். அதற்குள் சட்டம் ஆடாது, கால் பிசகாது, கண் தூரத்தைச் சரியாக அளக்கும். ஐந்து நியூட்டன் மீட்டரே அப்போது தாராளம். வாங்கும் முன் எந்த இயந்திரத்தோடு சேரும் என்பதைப் பார்க்க வேண்டும். மோஸா ஆர்5 கம்ப்யூட்டருக்கு மட்டும்தான். பிளேஸ்டேஷனில் ஓடும் கிரான் டுரிஸ்மோ 7-க்கு அதை நம்பி வாங்கினால் பெட்டியிலேயே திருப்பி வைக்க வேண்டியதுதான்.

பழைய ஜி29 வீணாகாது, விற்றுவிடலாம். வாங்க வருகிற பையன் ஸ்டீயரிங்கைத்தான் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பான், பட்டன்களை ஒவ்வொன்றாக அமுக்குவான், பெடலை ஒரு பார்வைகூடப் பார்க்க மாட்டான். விற்கிறவர் பணத்தை எண்ணிப் பையில் வைத்துக்கொண்டு கேட்பார்: "தம்பி, உங்க நாற்காலிக்கு அடியில சக்கரம் இருக்கா?"